தசைக்குள் எத்தனை மில்லிமீட்டர்? கர்ப்பப்பைப் புற்றுநோயில் ஆழம் சொல்வதும் சொல்லாததும்

கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வரும். இரண்டு மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். அதில் வீட்டார் கண்ணில் முதலில் குத்துவது ஒரு கணக்கு: தசைச்சுவரின் தடிமன் 16 மி.மீ., கட்டி ஊடுருவிய ஆழம் 9 மி.மீ., ஆகவே பாதிக்கு மேல். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் போட்டோ எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப்பில் வெளிநாட்டில் இருக்கும் சித்தி மகன் வரை போய்விடும். தேடிப் பார்த்தால் இது ஸ்டேஜ் 1பி என்று வரும். 1பி என்று தேடினால் ஐந்து வருடம் உயிரோடிருப்போர் 78 சதவீதம் என்று ஒரு எண் வரும். அதோடு தேடல் நின்றுவிடும். மயிலாப்பூரோ மணலியோ, வீடு முழுக்க அந்த 78-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அந்த எண் பொய்யில்லை. ஊடுருவல் ஆழம் என்பதும் லேசான விஷயமில்லை. 1988-ல் இருந்து இந்த நோயின் ஸ்டேஜ் கணக்கே அதன்மேல்தான் நின்றது. ஆனால் ஆழத்தை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துப் படித்தால் அது ஏமாற்றிவிடும். ஒரே ஆழமுள்ள இரண்டு கட்டிகள் முற்றிலும் வேறு வேறு நோய்களாக நடந்துகொள்வது உண்டு. அந்த வரிக்கு மேலும் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வரிக்கே அர்த்தம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைப்போம். நம் ஊரில் பரவலாகப் பேசப்படுவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஹெச்பிவி கிருமியால் வருவது, தடுப்பூசி இருப்பது, பாப் ஸ்மியரில் முன்கூட்டியே பிடிபடுவது அது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. கர்ப்பப்பையின் உள்ளே, எண்டோமெட்ரியம் என்கிற உள்படலத்தில் பிறக்கும் நோயைப் பற்றியது. இதற்கும் ஹெச்பிவிக்கும் சம்பந்தமில்லை, பாப் ஸ்மியரை நம்பி இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. உடல் எடை, சர்க்கரை, பிசிஓஎஸ், தாமதமாக நிற்கும் மாதவிலக்கு, குழந்தை பெறாமை, மார்பகப் புற்றுநோய்க்குச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரை, லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிற பரம்பரைக் கோளாறு ஆகியவைதான் இதன் பின்னணி. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இருந்து நடத்தப்படும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982-ல் இருந்து நகரத்தின் கணக்கை எழுதிவருகிறது. அதில் வாய்ப் பகுதிப் புற்றுநோய் வருடத்துக்கு வருடம் குறைந்துவர, உள்படலப் புற்றுநோய் ஏறுமுகமாக இருக்கிறது. நகரத்தின் சாப்பாடும் உட்கார்ந்த இடத்து வேலையும் மாறிய விதத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி ஆழத்துக்கு வருவோம்.

கர்ப்பப்பைச் சுவரில் மூன்று அடுக்கு. உள்ளே இருப்பது உள்படலம். மாதாமாதம் உதிர்ந்து வெளியேறுவது அதுதான். நடுவில் மயோமெட்ரியம் என்கிற தடித்த தசை, பிரசவத்தில் குழந்தையைத் தள்ளுவது. வெளியே சீரோசா என்கிற மெல்லிய உறை. குடலில் உள்படலத்துக்கும் தசைக்கும் நடுவே தளர்வான திசுவால் ஆன இன்னோர் அடுக்கு உண்டு. கர்ப்பப்பையில் அது கிடையாது. படலம் நேராகத் தசைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த எல்லையும் ஒழுங்கான கோடு இல்லை. நோயே இல்லாத பெண்ணிடமும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இது பின்னால் பெரிய தலைவலியாக வரப்போகிறது.

கட்டி தசைக்குள் போகப் போக, பெரிய ரத்தக் குழாய்களும் நிணநீர் வழிகளும் இருக்கும் பகுதியை நெருங்குகிறது. அந்த வழியைப் பிடித்துவிட்டால் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து வயிற்றின் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்கும் போகலாம். இது வெறும் ஊகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு, நோய் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை என்று பரிசோதனையில் தோன்றிய 621 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, கணுக்களையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1987-ல் முடிவை வெளியிட்டது. நோய் படலத்தோடு நின்றவர்களில் இடுப்புக் கணுக்களில் பரவியிருந்தது நூற்றுக்கு ஒருவருக்கு. தசையை மூன்றாகப் பிரித்தால் உள் பங்கோடு நின்றவர்களில் 5 பேருக்கு, நடுப் பங்கு வரை போனவர்களில் 6 பேருக்கு, வெளிப் பங்கை எட்டியவர்களில் 25 பேருக்கு.

இந்த நான்கு எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1, 5, 6, அப்புறம் ஒரே தாவலில் 25. ஆபத்து ஒரே சீராக ஏறவில்லை, சுவரின் வெளிப்பக்கத்தில்தான் எகிறுகிறது. ஆனால் ஸ்டேஜ் கோடு போடப்பட்டிருப்பது நடுவில், சரியாகப் பாதியில். காரணம் நடைமுறை வசதி. பாதி என்பது எல்லா மருத்துவர்களும் ஓரளவு ஒரே மாதிரி அளக்கக்கூடியது. அதனால் 49 சதவீதமும் 51 சதவீதமும் காகிதத்தில் வேறு வேறு ஸ்டேஜ் ஆகின்றன. உடம்புக்குள் அவை பக்கத்துப் பக்கத்து நோய்கள். 51 சதவீதமும் 95 சதவீதமும் ஒரே ஸ்டேஜ், ஆனால் அவற்றுக்கு நடுவேதான் உண்மையான தூரம் இருக்கிறது. என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டில் பாதிக்கு மேலா கீழா என்று மட்டும் எழுதி விடுவது அரைவேலை. மில்லிமீட்டர் இரண்டும் இருக்க வேண்டும்: எவ்வளவு ஆழம், மொத்தச் சுவர் எவ்வளவு. கட்டியின் நுனிக்கும் வெளி உறைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் நல்ல தசை மிச்சம் இருக்கிறது என்பதையும் குறித்தால் இன்னும் நல்லது.

அதே 1987 ஆய்வில் இன்னொரு வரிசையும் உண்டு. கட்டியின் கிரேடை வைத்துப் பார்த்தால், கிரேடு 1-ல் இடுப்புக் கணுப் பரவல் நூற்றுக்கு 3, கிரேடு 2-ல் 9, கிரேடு 3-ல் 18. கிரேடு என்பது கட்டி எவ்வளவு தூரம் இயல்பான சுரப்பி வடிவத்தை விட்டுவிட்டது என்ற கணக்கு. திடமாகக் கட்டிப்பட்ட பகுதி 5 சதவீதம் வரை இருந்தால் கிரேடு 1, பாதி வரை 2, பாதியைத் தாண்டினால் 3. ஆழமும் கிரேடும் தனித்தனியாக ஓடுவதில்லை. முரட்டுக் கட்டி பொதுவாக ஆழமாகவும் போகும். ஆனால் விதிவிலக்குகள் நிறைய, சிகிச்சை முடிவுகள் சிக்கலாவதும் அந்த விதிவிலக்குகளில்தான்.

மேசைமேல் நடப்பது

இந்த மில்லிமீட்டரை அளப்பது யார், எப்படி என்பதை நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்கேன் மெஷின் அளந்த மாதிரி ஒரு நினைப்பு. ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுத்து ஆழத்தை மதிப்பிடுவது உண்மைதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அது உத்தேசம். இறுதித் தீர்ப்பு பேத்தாலஜி லேபில், ஃபார்மலின் நெடி அடிக்கும் ஒரு மேசைமேல், ஒரு மனிதர் கையால் நடக்கிறது.

ஃபார்மலினில் ஊறிய கர்ப்பப்பையைப் பக்கவாட்டில் இரண்டாகப் பிளந்து புத்தகம்போல விரிப்பார்கள். கட்டி வெளிறிய நிறத்தில், தொட்டால் உதிர்வதாக, உட்குழியை அடைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் சுமார் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சுவரை அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டே போவார்கள். நல்ல தசை இளஞ்சிவப்பாக, நார் நாராக இருக்கும். அதன் நடுவே கட்டி எங்கே வரை போயிருக்கிறது என்று வெறும் கண்ணாலேயே ஓரளவு தெரியும். மிக ஆழமாகப் போனதாகத் தெரியும் இடத்தில் உட்பக்கத்தில் இருந்து வெளியுறை வரை முழுச் சுவரும் வரும்படி ஒரு துண்டு எடுத்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதாவது ரிப்போர்ட்டில் இருக்கும் 9 மி.மீ. என்பது அந்தத் துண்டு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆழமான இடத்தைக் கத்தி தவறவிட்டால் 9 என்பது 6 ஆகியிருக்கும்.

அளவு எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். உட்குழிக்குள் காலிஃபிளவர் மாதிரி 3 செ.மீ. துருத்திக்கொண்டிருக்கும் கட்டி, தசைக்குள் 2 மி.மீ.தான் போயிருக்கலாம். துருத்தல் கணக்கில் வராது. படலமும் தசையும் சந்திக்கும் கோட்டில் இருந்துதான் அளக்க வேண்டும். அந்தக் கோடோ, முன்பே சொன்னதுபோல், கோணல்மாணல். கட்டி வந்து அதை அழித்துவிட்டால், பக்கத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல பகுதியைப் பார்த்து இங்கேதான் இருந்திருக்கும் என்று ஊகித்து அளக்க வேண்டும்.

அடினோமயோசிஸ் இருந்தால் இன்னும் மோசம். உள்படலத் திசு தசைக்குள் அங்கங்கே தீவுகளாகப் புதைந்திருக்கும் கோளாறு அது. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது, கடும் வலியும் அதிக ரத்தப்போக்கும் தருவது, ஆனால் புற்றுநோய் இல்லை. புற்றுநோய் அந்தத் தீவுகளுக்குள் குடியேறிவிட்டால், பார்வைக்குத் தசையின் அடி ஆழத்தில் கட்டி இருப்பதுபோல் தெரியும். விதிப்படி அது ஊடுருவல் ஆகாது. கட்டி தசையைத் துளைத்துப் போகவில்லை, ஏற்கெனவே அங்கே இருந்த பைக்குள் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். இதை ஊடுருவலாக எண்ணிவிட்டால் 1ஏ நோயாளி 1பி ஆகி, தேவையில்லாத ரேடியேஷனுக்குப் போகலாம். நேர்மாறான தவறும் உண்டு. மெல்ஃப் என்று சொல்லப்படும் ஒரு வகை ஊடுருவலில் புற்றுச் செல்கள் கூட்டமாகப் போகாமல் ஒன்றிரண்டாகப் பிரிந்து, சிதைந்த ரத்தக் குழாய்போலவோ அழற்சிபோலவோ வேஷம் போட்டுக்கொண்டு தசைக்குள் நுழைந்திருக்கும். அவசரக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சுவரின் தடிமனும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மாதவிலக்கு நின்று பல வருடமான மெலிந்த பாட்டியின் சுவர் 10 மி.மீ. இருந்தால் 5 மி.மீ. ஊடுருவலே பாதி. அடினோமயோசிஸால் தடித்த சுவர் 24 மி.மீ. இருந்தால் 9 மி.மீ. போயும் பாதியைத் தொடாது. கருக்குழாய் சேரும் மூலைகளில் எல்லோருக்குமே சுவர் மெல்லிசு.

சென்னையிலும் அதைச் சுற்றியும் இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ரத்தப்போக்கு என்று போனால், உள்படலத்தில் இருந்து துளி திசு எடுத்துப் பார்க்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடும் பழக்கம் சின்ன நர்சிங் ஹோம்களில் இன்னும் போகவில்லை. எடுத்த கர்ப்பப்பை அப்படியே முழுசாக, கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் லேபுக்கு வரும். ஃபார்மலின் வெளியில் இருந்து உள்ளே மெதுவாகத்தான் ஊறும். உறுப்பைத் திறந்து வைக்காவிட்டால் உள்படலத்துக்கு அது போய்ச் சேர்வதற்குள், பார்க்க வேண்டிய இடமே அழுகிப்போயிருக்கும். ரிப்போர்ட்டில் எதிர்பாராமல் புற்றுநோய் என்று வந்த பிறகு ஆழத்தையும் கிரேடையும் துல்லியமாகச் சொல்ல முடியாமல் எல்லோரும் கையைப் பிசைவார்கள். கணுக்களும் பார்க்கப்பட்டிருக்காது. ஆழத்தை அளக்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் சின்னக் குழாய் விட்டு பயாப்ஸி, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் பேச்சு என்று வீட்டில் உள்ளவர்கள் பிடிவாதமாக நிற்கலாம். அப்படி ரத்தம் படும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி அந்த ரத்தம்தான். இந்த இரண்டும் சேர்ந்தே உண்மை.

கோடு நகர்ந்த கதை

ஆழத்துக்கு எப்போதும் இந்த இடம் இருந்ததில்லை. மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ 1971-ல் போட்ட கணக்கில், கர்ப்பப்பைக் குழியின் நீளம் 8 செ.மீ.க்கு மேலா கீழா என்பதுதான் 1ஏ, 1பி. வெளியில் இருந்து குச்சி விட்டு அளந்துவிடலாம். 1988-ல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆபரேஷனுக்குப் பின் மைக்ராஸ்கோப் சொல்வதே ஸ்டேஜ் என்றார்கள். படலத்தோடு நின்றால் 1ஏ, தசையில் பாதிக்குள் 1பி, பாதிக்கு மேல் 1சி. படலத்தோடு நின்றவர்களுக்கும் பாதிக்குள் போனவர்களுக்கும் ஆயுளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று தெரிந்ததும், 2009-ல் அந்த இரண்டையும் ஒன்றாக்கி 1ஏ என்றும் பழைய 1சியை 1பி என்றும் மாற்றினார்கள். அதனால் பழைய கட்டுரையில் 1பி என்று படிப்பது இன்றைய 1பி இல்லை. வாட்ஸ்அப் ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி வழுக்குவது இங்கேதான்.

2023-ல் இன்னொரு புரட்டல். இப்போது ஆழம் தனியாக ஸ்டேஜை முடிவு செய்வதில்லை. சாதுவான வகைக் கட்டி பாதிக்கு மேல் போனால் 1பி. சீரஸ், கிளியர் செல், கிரேடு 3 போன்ற முரட்டு வகைக் கட்டி தசைக்குள் துளி நுழைந்தாலும் நேராக 2சி. சாதுவான வகையாகவே இருந்தாலும், ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் ஏராளமாகக் காணப்பட்டால் ஆழம் எதுவாக இருந்தாலும் 2பி. இந்தப் புதிய கணக்கைப் பற்றி மருத்துவர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. ரொம்பச் சிக்கல், பல ஊர்களில் அந்தப் பரிசோதனைகளே இல்லை என்பது ஒரு தரப்பு. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆழம் என்பது எந்தக் கட்டியின் ஆழம் என்று கேட்காமல் பொருள்படாது என்பதை முதல்முறையாக ஸ்டேஜ் அட்டவணையே ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். ரிப்போர்ட்டில் எந்த வருடக் கணக்குப்படி ஸ்டேஜ் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

அந்த 78 எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை 2009 கணக்குப்படி மறுபடி பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 1ஏ-ல் சுமார் 90 சதவீதம், 1பி-ல் சுமார் 78. இந்த 12 சதவீத இடைவெளிதான் ஆழத்தின் விலை என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது.

ஆனால் இதில் எல்லா கிரேடும் கலந்திருக்கிறது, எல்லா வயதும் கலந்திருக்கிறது. ஆழமாகப் போகும் கட்டிகளில் முரட்டுக் கட்டிகள் அதிகம், அந்தப் பெண்களுக்கு வயதும் அதிகம். 1980-களிலும் 90-களிலும் சிகிச்சை பெற்றவர்களும் உள்ளே இருக்கிறார்கள். மாரடைப்பில் இறந்தவரும் இறந்தவர் கணக்கில்தான். கிரேடு 1, வயது 52, பாதிக்குச் சற்று மேல் ஊடுருவல், கணுக்கள் சுத்தம் என்ற பெண்ணுக்கு அந்த 78 பொருந்தவே பொருந்தாது, அவர் நிலைமை அதைவிட நன்றாக இருக்கும். கிரேடு 3, வயது 74, குழாய்களில் செல்கள் என்ற பெண்ணுக்கும் பொருந்தாது, அவர் நிலைமை அதைவிடக் கவலைக்குரியது. 2009 கணக்கில் இருவரும் 1பி. “எங்கம்மாவுக்கு எத்தனை வருஷம் டாக்டர்?” என்ற கேள்விக்கு ஆன்காலஜிஸ்ட் நேராகப் பதில் சொல்லாமல் வேறு நான்கு விஷயங்களைப் பேசினால், மழுப்புகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நான்கு விஷயங்கள்தான் பதில்.

ஆழத்தை மற்றவற்றோடு சேர்த்துப் படிப்பது எப்படி என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த போர்டெக் ஆய்வுகளைவிட நல்ல உதாரணம் இல்லை. முதலாவது போர்டெக்கில் 700-க்கு மேற்பட்ட முதல் ஸ்டேஜ் பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்குப் பின் இடுப்புக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. 2000-ல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியவர்கள் ரேடியேஷன் பெற்றவர்களில் 4 சதவீதம், பெறாதவர்களில் 14. பெரிய வித்தியாசம்தான். ஆனால் உயிரோடிருந்தவர்கள் முறையே 81 சதவீதமும் 85 சதவீதமும், அதாவது ரேடியேஷனால் ஆயுள் கூடவில்லை. திரும்பிய நோயில் பெரும்பகுதி யோனியின் மேல்முனையில் வந்தது, அதைப் பிறகு ரேடியேஷன் கொடுத்துப் பலருக்குக் குணப்படுத்த முடிந்தது.

யாருக்கு ரேடியேஷன் உண்மையில் உதவியது என்று பிரித்துப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் வந்து நின்றன: வயது 60-க்கு மேல், கிரேடு 3, பாதிக்கு மேல் ஆழம். மூன்றில் இரண்டு இருந்தவர்களுக்குப் பத்து வருடத்தில் இடுப்பில் நோய் திரும்பியது ரேடியேஷன் இல்லாமல் 23 சதவீதம், ரேடியேஷனோடு 5 சதவீதம். ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் அந்தளவு ஆதாயம் இல்லை. ஆழம் தனியாக வந்தால் ஒரு கை, துணையோடு வந்தால் இரண்டு கை. இரண்டாவது போர்டெக், 2010-ல், இவர்களில் பெரும்பாலோருக்கு நாலரை வாரம் வெளியில் இருந்து கொடுக்கும் ரேடியேஷன்கூடத் தேவையில்லை, யோனிக்குள் கருவி வைத்து மூன்றே தடவை கொடுக்கும் பிராக்கிதெரபி போதும் என்று காட்டியது. தாம்பரத்தில் இருந்தோ திருவள்ளூரில் இருந்தோ தினமும் வந்துபோகும் ஓர் அறுபது வயதுப் பெண்ணுக்கு 23 பயணத்துக்கும் 3 பயணத்துக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. குடல் எரிச்சலும் வயிற்றுப்போக்கும் வெகுவாகக் குறைவு.

இந்த ஆய்வுகளில் சேமித்த பிளாக்குகளைப் பின்னால் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, எல்விஎஸ்ஐ என்று ரிப்போர்ட்டில் வரும் குழாய் ஊடுருவல் மேலே வந்தது. அது ஏராளமாக இருந்தவர்களில் ஐந்து வருடத்தில் இடுப்புக் கணுப் பகுதியில் நோய் திரும்பியது நூற்றுக்கு 15 பேருக்கு, அறவே இல்லாதவர்களில் 2 பேருக்கும் குறைவு. ஆழம் என்பது கட்டி குழாய்களுக்கு எவ்வளவு அருகே போயிருக்கிறது என்ற மறைமுக அளவு. எல்விஎஸ்ஐ, குழாய்க்குள் போயே விட்டதா என்ற நேரடி விடை. இரண்டும் இருக்கும்போது எதற்கு எடை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

2013-ல் கட்டியின் ஜீன்களை வரிசையாகப் படித்த பெரிய அமெரிக்க ஆய்வு இந்த நோயை நான்கு குடும்பங்களாகப் பிரித்ததில் இருந்து கதை இன்னும் மாறிவிட்டது. போல்-ஈ ஜீனில் பிழை உள்ளவை, எம்எம்ஆர் என்ற பழுதுபார்க்கும் புரதம் இல்லாதவை, பி53 கெட்டுப்போனவை, இவை எதுவும் இல்லாதவை. மூன்றாவது போர்டெக் ஆய்வில் இருந்த அபாயம் மிகுந்த பெண்களின் கட்டிகளை இப்படிப் பிரித்து 2020-ல் வெளியிட்டார்கள். ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் போல்-ஈ குடும்பத்தில் 98 சதவீதம், பி53 குடும்பத்தில் 48. நடுவில் மற்ற இரண்டும் 72, 74. எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் மோசம் என்று ஒரே கூடையில் போடப்பட்டவர்கள். போல்-ஈ கட்டி சுவரில் முக்கால் பங்கு தோண்டியிருந்தாலும் அதன் வால் சுருண்டே இருக்கிறது. பி53 கெட்ட கட்டி மேலோட்டமாக நின்றாலும் நம்ப முடியாது. ஆழம் பற்றிய பழைய நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி வந்ததில்லை.

பி53, எம்எம்ஆர் இரண்டையும் அதே பிளாக்கில் ஐஹெச்சி என்ற, புரதங்களைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்துவிடலாம், சென்னையில் பெரிய லேப்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. போல்-ஈக்கு ஜீன் வரிசை படிக்க வேண்டும், செலவு கூடும். எல்லோருக்கும் அது வேண்டியதும் இல்லை, சிகிச்சை முடிவு அதனால் மாறும் என்றால் மட்டும் போதும். எம்எம்ஆர் இல்லையென்று வந்தால் அது நோயாளியோடு நிற்கும் விஷயமல்ல. லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம், அப்படியென்றால் அண்ணன், தங்கை, பிள்ளைகளுக்கும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தேவைப்படும். இந்த ஒரு வரியை மருத்துவர் சொல்ல மறந்தால் நீங்களாகக் கேளுங்கள்.

ஆழம் இன்னும் ராஜாவாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. முப்பது வயதுப் பெண், பிசிஓஎஸ், கல்யாணமாகிக் குழந்தை இல்லை, பயாப்ஸியில் கிரேடு 1 புற்றுநோய். கர்ப்பப்பையை எடுக்காமல் புரோஜெஸ்டிரான் மாத்திரையோ ஹார்மோன் சுரக்கும் கருத்தடைச் சாதனமோ வைத்து நோயை அடக்கி, குழந்தை பெற்ற பிறகு ஆபரேஷன் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் எம்ஆர்ஐயில் தசைக்குள் ஊடுருவல் தெரிந்தால் அந்த வழி பொதுவாக அடைபடும். குழந்தையின்மை சிகிச்சை மையங்கள் தெருவுக்கொன்று முளைத்திருக்கும் நகரத்தில் இந்தக் கேள்வி முன்பைவிட அதிகமாக எழுகிறது. இங்கே ஒரு மில்லிமீட்டர் ஒரு குடும்பத்தின் திட்டத்தையே மாற்றும். அதனால் எம்ஆர்ஐயைப் பெண்களின் இடுப்புப் பகுதி ஸ்கேன்களில் பழகிய ரேடியாலஜிஸ்ட் படிப்பது முக்கியம்.

ரிப்போர்ட்டில் சந்தேகம் என்றால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வேறொரு புற்றுநோய் மையத்தில் காட்டலாம். இது நோயாளியின் உரிமை, முதல் டாக்டரை அவமதிப்பது அல்ல. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெரிய தனியார் மருத்துவமனைகளைத் தாண்டியும் இடங்கள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷனும் ரேடியேஷனும் வருகின்றன. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் இரண்டாவது கருத்து என்பது முதல் கருத்தைப் படித்துச் சொல்வதாகத்தான் முடியும். மெழுகு பிளாக் கையில் இருந்தால் புதிதாகச் சீவிப் பார்க்கலாம், விடுபட்ட சாயங்களைப் போடலாம், அடினோமயோசிஸா ஊடுருவலா என்று இன்னொரு கண் முடிவு செய்யலாம்.

ஆயுள் பற்றிப் பேசும்போது யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயர் குறுக்கே வரும். உள்படலப் புற்றுநோய் வந்த பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வு ஒன்றில், அவர்கள் மரணத்துக்கு முதல் காரணமாக இருந்தது புற்றுநோய் இல்லை, இதய நோய். சாதுவான, ஆரம்ப நிலைக் கட்டி என்றால் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். யோசித்தால் புரியும். இந்த நோயை வரவழைத்த அதே உடல் எடையும் சர்க்கரையும் பிரஷரும் ஆபரேஷனில் வெளியேறுவதில்லை. 1ஏ கிரேடு 1 என்று வந்த பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்காலஜி ஓபியில் தவறாமல் நிற்பார். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும்.

திரும்ப வரும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை. பாதிக்கு மேல் ஆழம், ரேடியேஷன் வேண்டாம் என்று முடிவானவர் என்றால் யோனியின் மேல்முனையைக் கண்ணால் பார்க்கும் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே வருவதைத்தான் பிடித்துக் குணமாக்க முடிகிறது. ஒவ்வொரு தடவையும் பெட் ஸ்கேன் தேவையில்லை. மறுபடி ரத்தம் படுதல், காரணமில்லாத இடுப்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், விடாத இருமல், காரணம் தெரியாத எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திராமல் உடனே போய்க் காட்ட வேண்டும்.